எம்லினுக்குத் தெரியாத மூன்று புள்ளிகள்

பிப்ரவரி 11, செவ்வாய்

தொண்டுக் குழுவுக்காக நெஸ்டாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வழியில் போலீஸ் மறித்தது. இருபது மைல் வேகத்தில் போகவேண்டிய ஊருக்குள் முப்பத்து மூன்றில் போயிருக்கிறேன். மறித்தது யார் என்றால், எங்கள் சபையின் ஞாயிறு பள்ளியில் என்னிடம் பாட்டு கற்றவன். வேகத்தைக் கருவியில் காட்டும்போது சிவந்தது அவன் காதுதான்.

"டீச்சர், ரெண்டு மைல் கம்மியா இருந்தா வேகத்தைப் பத்தி ஒரு வகுப்புக்கு அனுப்பி விட்ருவாங்க. இது அபராதம், லைசென்ஸ்ல மூணு தண்டனைப் புள்ளி. என்னால ஒண்ணும் பண்ண முடியாது டீச்சர்."

பின் சீட்டிலிருந்து நெஸ்டா சொன்னார்: "நல்லா தெளிவா எழுதுப்பா. இவ புருஷன் படிச்சுப் பாக்கணும்ல."

எங்கள் ஊர்த் தபால் நிலையத்தை ஆயுசு பூராவும் நடத்தியவர். ஓய்வு பெற்றபோது வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்க மறந்துவிட்டார்கள்.

எம்லின் படிப்பதா! கல்யாணமான நாளிலிருந்து அவன் ஓட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து "மெதுவா, மெதுவா" என்று பாடிக்கொண்டு வருகிறவள் நான். அந்தப் பக்கத்து மிதியடியில் என் வலது கால் பதியும் இடம் தேய்ந்தே போயிருக்கிறது — இல்லாத பிரேக்கை அழுத்தி அழுத்தி. இந்தக் குளிர்காலத்தில்தான் என் பாட்டு பலித்தது. ஆள் இப்போது ஆமை மாதிரி ஓட்டுகிறான். இந்த நேரம் பார்த்து நான் போய்ச் சொல்வதா?

பிப்ரவரி 12

சொல்லவில்லை. நாள் முழுக்க மழை.

பிப்ரவரி 26, புதன்

அபராதம் கட்டியாகிவிட்டது. புள்ளிகளும் ஏறிவிட்டன. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

முதியவர்களை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் எங்கள் தொண்டுக் குழுவில் ஒரு விதி உண்டு. ஓட்டுநருக்குப் புள்ளி விழுந்தால் இன்சூரன்ஸ்காரர்களுக்குச் சொல்லி, அவர்களுக்குத் தெரியும் என்று கடிதம் வாங்கிக் காட்டவேண்டும். மார்ச் பிறந்த பிறகு அந்தக் கடிதம் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். நாளைக்கு ஒரு விபத்து நடந்து, "நீ எங்களிடம் மறைத்தாய்" என்று கம்பெனி கையை விரித்தால் நெஸ்டாவின் கதி என்ன?

எம்லின் கொட்டகையில் இருக்கும்போது போன் செய்தேன். எடுத்த பெண் பதவிசாகத்தான் பேசினாள்.

"பாலிசி உங்க பேர்ல இல்லையே மேடம். உங்க கணவர் பேர்ல இருக்கு. நீங்க கூட ஓட்டறவங்க, அவ்வளவுதான். அவர்தான் எங்ககிட்ட சொல்லணும்."

"புள்ளி என்னோடதும்மா!"

"சரிதான் மேடம். ஆனா சொல்ல வேண்டியது அவர்."

அவன் பேரில் போட்டது யார்? நான்தான். "இந்தக் காகித வேலையெல்லாம் எனக்கு ஒத்துவராது, நீயே பாத்துக்கோ" என்று அவன் தலையில் கட்டியதும் நானேதான். நன்றாக மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 1, சனி

புனித டேவிட் நாள், எங்கள் நாட்டுக் காவல் புனிதரின் திருநாள். சபைக் கூடத்தில் விருந்து, ஆட்டுக்கறியும் லீக் வெங்காயத்தாளும் போட்ட சூப். எல்லோர் சட்டையிலும் மஞ்சள் டாஃபோடில் பூ. வழக்கம்போல என்னைக் கதை சொல்லச் சொன்னார்கள். தீவன லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எம்லின் கல்யாணப் பெண்ணின் காரையே முந்திக்கொண்டு போய், தேவாலய வாசலில் அவளுக்கு முன்னால் இறங்கிய கதை. பாதிரியாருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

எம்லின் சிரிக்கவில்லை. சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தான். எப்போதுமே இப்படித்தானா? நான் கூட்டத்தைப் பார்த்தே கதை சொல்வேன். அவன் முகத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சளி என்று குழுவுக்குப் பொய் சொன்னேன். நெஸ்டாவுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்தார்கள். அது எங்கோ சுற்றிவிட்டுத் தாமதமாக வந்திருக்கிறது. சாயங்காலம் அவர் போன் செய்தார்.

"சளியா? குரல் கணீர்னு இருக்கே."

"மாத்திரை போட்டேன்."

"நேரம் போதலன்னு மெஷின்ல இருந்து பாதியிலயே எடுத்துவிட்டுட்டாங்க. கால் வீங்கி செருப்பு நுழையல. உன்னைத் திட்டறதுக்குக் கூப்பிடல, பொண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எம்லின் உன்னை என்ன பண்ணிடுவான்?"

ஒன்றும் பண்ணமாட்டான். அவன் இடத்தில் நான் இருந்தால் என்னவெல்லாம் சொல்வேனோ, அதையெல்லாம் அவன் வாயால் கேட்கவேண்டி வருமே — பயம் அதற்குத்தான்.

மார்ச் 5, புதன்

சொல்லிவிட்டேன். டீ ஊற்றிக்கொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல், கடகடவென்று. இன்சூரன்ஸ்காரர்களிடம் அவன்தான் பேசவேண்டும் என்பதையும் சேர்த்து.

கிண்டலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. கோப்பையைக் கீழே வைத்தான். முகம் வெளுத்துவிட்டது.

"நானா பேசணும்?"

"ஆமா."

ஜன்னல் வழியே வெகு நேரம் ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "சரி, வா. பக்கத்துல உக்காரு" என்று சொல்லி எனக்கும் கேட்கும்படி போனை மேஜைமேல் வைத்தான்.

என் விவரமெல்லாம் சொன்னான். அந்தப் பெண், "வேற ஏதாவது மாற்றம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா. எனக்கும் மூணு புள்ளி இருக்கு. வேகந்தான். ஜனவரில பாலிசியைப் புதுப்பிக்கும்போதே சொல்லியிருக்கணும். சொல்லல."

நான் வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி என்னை நிறுத்தினான்.

"எந்தத் தேதியில பிடிச்சாங்க சார்?"

"நவம்பர் பத்தொம்போது."

எனக்குத் தெரிந்த தேதி. சபைப் படிக்கட்டில் பனியில் வழுக்கி என் மணிக்கட்டு முறிந்த நாள். அவன் மலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீட்டில் இருந்தான். தகவல் சொன்னதும் கிளம்பி வந்தான். ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துகொண்டு மூச்சிரைக்க நின்றவனிடம் நான் சொன்னது இதுதான்: "இப்பதான் வழி தெரிஞ்சுதா? நடந்தே வந்தியா?" நர்ஸ்கள் சிரித்தார்கள். அவனும் லேசாகச் சிரித்துவைத்தான்.

"ஏன் சார் அப்பவே சொல்லல?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"உங்க கடுதாசி வந்தா இவ கண்ணுல படும். அதான்."

 தெரிந்தே மறைத்ததால் பாலிசியை ரத்து செய்தாலும் செய்வார்கள், முடிவைக் கடிதத்தில் தெரிவிப்போம் என்றாள். ஒருமுறை ரத்தானால் வேறு எந்தக் கம்பெனியும் எங்களை லேசில் எடுக்காது.

மார்ச் 6

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அடுத்த விருந்துல அதுதானே கதை" என்றான். கோபமில்லாமல் சொன்னான். அதற்குக் கோபித்திருந்தாலே தேவலை.

அய்யோ, நான் என்ன பொம்பள! எனக்காகத்தானே அப்படிப் பறந்து வந்தான். அந்த வாய்க்கு அன்னைக்கு ஒரு பூட்டு போட்டிருக்கக் கூடாதா? போலீஸுக்குப் பயப்படாதவன், கம்பெனிக்குப் பயப்படாதவன், எனக்குப் பயந்து இத்தனை நாள் அதை மனசுல வெச்சுக்கிட்டே இருந்திருக்கான். நான் என்னடான்னா, என் பாட்டு பலிச்சுதுன்னு பெருமைப்பட்டேன்!

மார்ச் 10

தபால்காரர் வந்தார். விதைப் பட்டியல் மட்டும்தான். நெஸ்டாவின் கால் இன்னும் வற்றவில்லை.

மார்ச் 14, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. எம்லின் பிரிக்காமல் என்னிடம் நீட்டினான். நானும் பிரிக்காமல் அவனிடமே கொடுத்தேன். கடைசியில் ரொட்டிக் கத்தியால் அவன்தான் கிழித்தான்.

ரத்து செய்யவில்லை. இனி மறைத்தால் பொறுக்கமாட்டோம் என்று எழுதி, பிரீமியத்தை நன்றாக ஏற்றியிருக்கிறார்கள். இந்த வருஷம் விடுமுறைக்குக் கடற்கரை கிடையாது. குழுவுக்குக் காட்டவேண்டிய தாளும் கூடவே இருந்தது. நெஸ்டாவுக்குப் போன் செய்து நாளைக்கு நானே வருகிறேன் என்றேன். "சளி விட்டுதா?" என்றார்.

மார்ச் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்து டீ. யாரோ அந்தக் கல்யாணக் கார் கதையைக் கேட்டார்கள். அது பழசு என்று சொல்லிவிட்டு, என்னிடம் பாட்டு கற்றவன் என்னையே ரோட்டில் மறித்த கதையைச் சொன்னேன். இந்த முறை எம்லினைப் பார்த்தே சொன்னேன். நெஸ்டாவின் வசனம் வந்த இடத்தில் அவனுக்குப் புரையேறிவிட்டது. நவம்பரைப் பற்றி நான் மூச்சுவிடவில்லை.

திரும்பும்போது அவன் ஓட்டினான். பாலத்தருகே வளைவு. இரண்டு பாதங்களையும் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

ஓரக்கண்ணால் பார்த்தான். "என்ன, பிரேக் போடலயா?"

"நீதான் ஓட்டறே. நீ பாத்துக்குவே."

பாலம் தாண்டும்வரை யோசித்தான்.

"சும்மா போடு. நீ போடலன்னா வண்டியில நான் மட்டும் இருக்கற மாதிரி இருக்கு."

போட்டேன்.