குடிக்காமல் வைத்த காப்பி

என் கண்ணே,

அன்று கூடத்தில் இருந்தவர்கள் உன் அப்பா நாயிஃப், சித்தப்பா முஃப்லிஹ், உன்னைப் பெண் கேட்டு வந்த கிழவர் துகைம், பிறகு உன் புருஷனான அவருடைய பேரன். கதவுக்குப் பின்னால் நீயும் நானும்.

கிழவர் காப்பியை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தார். "பொண்ணத் தர்றேன்னு சொல்லு, குடிக்கிறோம்" என்றார்.

உனக்கு இஷ்டமில்லை என்று உன் அப்பாவிடம் முந்தின நாளே சொல்லியிருந்தேன். அவனும் வாயைத் திறக்கத்தான் போனான். அதற்குள் உன் சித்தப்பன், "அய்ப், அண்ணே, அய்ப். மானக்கேடு. காப்பி ஆறுது பாரு. குடிக்காம எழுந்து போயிட்டாங்கன்னா நாம வெளியில தலைகாட்ட முடியுமா?" என்றான். உன் அப்பா, "குடிங்க" என்றுவிட்டான்.

இப்போது நீ புருஷனை விட்டு அம்மான் நகரத்தில் தனியாக இருக்கிறாய் என்று, ஊரே உன் பெயரோடு அந்த அய்ப் என்ற சொல்லைச் சேர்த்துப் பேசுகிறது. அவன் உன்னை அடித்ததை ஒருவரும் பேசவில்லை. என் அம்மா, பெண்ணை அடிக்கிற ஆண்பிள்ளையைப் பார்த்துத்தான் அய்ப் என்பாள்.

பகலில் வா. முன்வாசல் வழியாகவே வா. கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பாட்டி

எழுதி முடித்தும் மனம் ஆறவில்லை. உன் அப்பாவை மன்னித்துவிட்டேன். நீ அடிபட்டதைக் கேட்டதிலிருந்து அவன் காப்பியைத் தொடுவதில்லை. என் வயிற்றில் பிறந்தவனே ஆனாலும், அன்று இரண்டாவது கோப்பையும் கேட்டு வாங்கிக் குடித்தவனை மன்னிக்கமாட்டேன். முஃப்லிஹை.