அருளப்பு அங்கிள் வாய்வைத்த வெள்ளை வைன்

பெப். 11, செவ்வாய்

குளிர் மறை 19 பாகை. ரெயின் அரை மணி தாமதம். ஜக்கெற் சிப் உடைந்துவிட்டது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

மதியம் என் மேசைக்கு ஒரு தமிழ்ச் சோடி. எங்கள் ரெஸ்ரோறன்ரில் அது அபூர்வம். அருளப்பு அங்கிள், எழுபது இருக்கும். மனைவி மேரி அன்ரி. நாற்பதாவது கலியாண நாள். வைன் பட்டியலில் ஒரு பெயருக்கு நேரே அங்கிள் விரலை வைத்தார். போர்தோப் பக்கம் உள்ள திராட்சைத் தோட்டம், முந்நூறு வருடப் பழசு. சிவப்பு, வெள்ளை இரண்டும் செய்கிறார்கள். கனடா வருமுன் பிரான்சில் அகதியாய் நின்றபோது இரண்டு அறுவடைக்கு அங்கேதான் பழம் வெட்டினாராம்.

"வெட்டினதுதான் பிள்ளை. ஒரு சொட்டு வாயிலை வைச்சதில்லை."

வெள்ளை கேட்டார். நான்தான் திறந்து ஊற்றினேன். முதல் வாயிலேயே முகம் மாறியது. பல்லில் கண்ணாடி கடிபடுகிறது என்றார். ஒரு துண்டைத் துப்பினார். வெள்ளை, மினுக்கம். மற்றதை விழுங்கிவிட்டார். போத்தல் வாயைத் தடவிப் பார்த்தேன், விளிம்பில் சின்ன வெட்டு. அன்ரி அழ, அம்புலன்ஸ்.

நான் உடைத்தேனா?

பெப். 12, புதன்

வேலைக்கு வர வேண்டாமாம். மனேஜர் போத்தலையும் அங்கிள் துப்பிய துண்டையும் பூட்டி வைத்திருக்கிறார். வைனுக்குப் பொறுப்பான டேவிட் லீவு, நாளைக்குத்தான் வருவார். எனக்கு அங்கே மூன்று மாதம்கூட ஆகவில்லை.

செய்தவை:
உடுப்புத் தோய்த்தது.
பருப்பு அடிப்பிடித்தது.
அன்ரிக்கு மூன்று தரம் போன்.

மூன்றாம் தரம் எடுத்தார். ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லையாம், ஆனாலும் கவனிக்கச் சொல்லி வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். அவ்வளவும் சொன்னதும் போனை வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பெப். 13, வியாழன்

கண்ணாடி இல்லை!!

காலை பத்துக்கு டேவிட் ரெஸ்ரோறன்ருக்குக் கூப்பிட்டார். போத்தலை வெளிச்சத்தில் பிடித்தார். அடியிலும் அதே மினுங்கும் பரல்கள். தக்கையிலும் ஒட்டியிருந்தது. வெள்ளை வைன் நன்றாகக் குளிர்ந்தால் திராட்சையின் புளிப்பு உப்புப்போல் பரல் கட்டுமாம். இந்தக் குளிரில் லொறியில் வந்த பெட்டி. விளிம்பில் நான் கண்டது போத்தல் வார்த்தபோது விழுந்த தழும்பு, மற்றப் போத்தல்களிலும் இருக்கிறது.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. அங்கிள் துப்பிய துண்டை டேவிட் கோப்பையில் போட்டு, கொதிதண்ணீர் ஊற்றி, கரண்டியால் கலக்கினார். கரைந்துவிட்டது. கண்ணாடி கரையாதே என்றார்.

ஸ்ரோர் ரூமுக்குள் போய் அழுதேன். பிறகு பசித்தது. இரண்டு பாண் துண்டு.

அங்கிளுக்கு நானே போன் எடுத்தேன். கண்ணாடியில்லை, கரைந்துவிட்டது என்றேன்.

"இதை இவவிட்டை ஒருக்காச் சொல்லு பிள்ளை. ரெண்டு நாளா எனக்குக் கஞ்சிதான்."

அன்ரி போனை வாங்கினார். நேற்றுக் கதைக்க ஏலாமல் போனதுக்கு மன்னிப்புக் கேட்டார். நானா மன்னிப்பது!

பெப். 16, ஞாயிறு

சிணுங்கல் மழைபோல ஸ்நோ. சிப் இன்னும் தைக்கவில்லை.

சேர்ச்சில் பூசை முடிந்து அங்கிளும் அன்ரியும் நேரே வந்தார்கள், அதே மேசைக்கு. அதே வெள்ளை. டேவிட் ஊற்றட்டும் என்று நான் ஒதுங்க, அங்கிள் என்னைத்தான் கூப்பிட்டார். மெதுவாக ஊற்றி, பரல் வராமல் அடியில் கொஞ்சம் விட்டேன்.

கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தார். விழுங்க நேரம் எடுத்தது. அன்ரிக்குப் பிடிக்கவில்லை, புளிக்கிறதாம். ஆனால் கிளாஸ் முடிந்துவிட்டது.

கோட்டைப் போடும்போது அங்கிள் சொன்னார்: "நல்லாச் செய்திருக்கிறாங்கள். அவங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிடு பிள்ளை. பழம் வெட்டின ஒருத்தன் குடிச்சுப் பாத்தவன் எண்டு."

தோட்டத்து விலாசம் லேபிளில் இருக்கிறது. போத்தலை ஊறவைத்து அதைக் கழற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். 'பழம் வெட்டியவர்', பிரெஞ்சில் என்ன?