அரக்கு உடையாத ஏழு உறைகள்

செங்காங்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள தாரணிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், கிளாஸ்கோ குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும், என் மேல் உள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே. வெறும் பழுப்பு உறையைப் பார்த்து ஏதோ வங்கிக் கடிதம் என்று நினைத்திருப்பாய். அதற்காகத்தான் அப்படி அனுப்பினேன், வங்கிக் கடிதம் என்றால் நீ பிரிப்பாய்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் உன் சுவரைக் காட்டினாயே, நான் அனுப்பிய ஏழு உறைகளும் கண்ணாடிச் சட்டத்துக்குள் வரிசையாகத் தொங்கியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு வருஷமாகச் சமூக மன்றத்தில் சாயிரா பானுவிடம் அலங்கார எழுத்துப் பழகி, உன் பெயரின் 'ணி'க்குச் சுழி போடவே மூன்று வாரம் ஆனவள் நான். மயில் வரைந்தால் உன் அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "கோழிச்சோறு கடை போர்டு மாதிரி இருக்குலா" என்பார். அதையெல்லாம் ஒருத்தி சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாளே என்று பூரித்துப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கேலாங்கிலிருந்து வந்திருந்த உன் லீலா அத்தை போனை வாங்கி, "புருஷன்னு பாக்காம திலீப்ப விட்டு வந்தது நல்லதுமா, நீ ஒண்ணும் வெக்கப்படாத" என்றாள். உன் முகம் வெளுத்துப் போனது, இணைப்பு அறுந்தது, பத்து நிமிஷத்தில் "யாரக் கேட்டு அத்தைகிட்ட சொன்னீங்க?" என்று செய்தி. அதோடு நீ தினமும் போனில் அனுப்பும் சொல் புதிர்க் கட்டங்களும் நின்றுவிட்டன. இரண்டு வருஷமாக நாம் சண்டை இல்லாமல் நாலு வார்த்தை பேசியதில்லை, ஆனால் அந்த ஐந்தெழுத்துச் சொல்லை நீ நாலு தடவையில் பிடித்தாய், நான் மூன்றில் பிடித்தேன் என்று தினம் அனுப்பிக்கொள்வோம், நீ எழுந்துவிட்டாய் என்று அதை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

யாரைக் கேட்டேனா, உன்னைத்தான் கேட்டேன், டிசம்பரில் அனுப்பிய நீல மயில் உறைக்குள் இரண்டு பக்கம் எழுதித்தான் கேட்டேன் என்று வீட்டில் குதித்தேன். அப்பா, வீடியோவில் எடுத்து வைத்திருந்த உன் சுவரின் படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "கமலா, அரக்கு ஒடையவே இல்லயே" என்றார். ஏழு உறை, ஏழு சிவப்பு முத்திரை, ஒன்றிலும் கீறல் இல்லை. பிறகு அவர் சிரித்தார். அன்று சாயங்காலம் அவருக்குக் காபி கிடையாது.

பட்டம் வாங்கிய பெண்ணே, ஐந்து கட்டத்துக்குள் என்ன எழுத்து ஒளிந்திருக்கிறது என்று அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொள்கிறாய், பெற்றவள் ஒட்டி அனுப்பிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று ஏழு மாதத்தில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லையா? கிழித்தால் அழகு கெட்டுவிடும் என்று நினைத்திருப்பாய். இணையத்தில் போட்ட உறைப் படத்துக்கு நூற்றுப் பன்னிரண்டு பேர் லைக் போட்டார்கள் என்று பெருமையாகச் சொன்னாய், அதில் ஒருவராவது உள்ளே என்ன என்று கேட்டாரா?

என்னையும் சொல்ல வேண்டும். போனில் சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. உறைக்கு இரண்டு வாரம் வர்ணம் தீட்டினேன், கடிதத்தை அரை மணியில் எழுதினேன். அத்தையிடம் உண்மையைச் சொல்லட்டுமா, பொங்கலுக்குள் நீ வேண்டாம் என்று சொல்லாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன் என்று முடித்திருந்தேன். நீ மூன்று இதயத்தோடு "ரொம்ப அழகும்மா" என்று அனுப்பினாய். மூன்றே தடவையில் புதிரை அவிழ்க்கிற புத்திசாலி நான், அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அதனால் சுழியும் மயிலும் இல்லாமல் இங்கேயே எழுதுகிறேன். நீ கிளம்பியபோது மேல்படிப்புக்குப் போகிறாய் என்று ஊர் முழுக்கச் சொன்னது என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள. விமான நிலையத்தில் உன்னிடம், "கொஞ்சம் அனுசரிச்சுப் போயிருக்கலாம்" என்றேன். கை ஓங்கியவனிடம் அனுசரிக்க என்ன இருக்கிறது? அப்படிச் சொன்னது தப்பு தாரணி, என்னை மன்னித்துவிடு. பொங்கல் கழிந்து சிராங்கூன் சாலைக் கோயிலில் அத்தை உன் படிப்பு எப்போது முடியும் என்று கேட்டபோது, "அவ படிக்கப் போகல. கை ஓங்குனவன விட்டுட்டுப் போனா. சரியாத்தான் செஞ்சா" என்றேன். ஆனாலும் அது நீ சொல்ல வேண்டிய கதை. உன் வாயால் சரி என்று கேட்காமல் நான் சொன்னது இரண்டாவது தப்பு, அதற்கும் திட்டு வாங்கத் தயார்.

மற்ற ஆறு உறைகளில் நம் புளோக்கில் லிஃப்ட் கெட்டது, அப்பாவின் கொழுப்பு அளவு, சாம்பார்ப் பொடிக்கு மல்லி எவ்வளவு, இவைதான் இருக்கின்றன. அவை சுவரிலேயே தொங்கட்டும், நஷ்டமில்லை.

நீ நிம்மதியாக, யாருக்கும் பதில் சொல்லாமல், நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் மனதார வாழ்த்துகிறோம். வெயில் இல்லாத ஊர், வைட்டமின் மாத்திரையை மறக்காதே. இது கிடைத்ததும் கூப்பிடு, இங்கே என்ன நேரமாக இருந்தாலும் சரி. பேசப் பிடிக்கவில்லை என்றால் பேசாமல் இரு, நான் போனை வைக்க மாட்டேன்.

உன் அம்மா,
கமலா மாணிக்கம்