பீரோவுக்குள் வைஃபை

உ

குமாரபாளையம்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் நர்மதாவுக்கு அப்பா மருதாசலம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சௌக்கியம். டப்ளினில் நீ சௌக்கியமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்கிறேன், எனக்குப் பதில் வேண்டும். தினமும் போனில் பேசுகிற மனுஷன் எதற்குப் பேப்பரும் பேனாவும் எடுத்தார் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கடைசிப் பக்கத்தைப் புரட்டாதே.

தீபாவளிக்கு நீ அனுப்பிய ஸ்பீக்கரில் பாட்டு விட்டு விட்டு வருகிறது என்று சொன்னேன் அல்லவா, அப்போது நீ, வைஃபை சரியில்லீங்ப்பா, நான் பேசறதும் அதனாலதான் பாதியில நிக்குது என்றாய். பாட்டு நின்றால் போகட்டும், மகள் குரல் நிற்கக் கூடாது என்று அன்றைக்கே வேலையில் இறங்கிவிட்டேன். முதல் சந்தேகம் பக்கத்து வீட்டுத் தனபால் மேல்தான். பொழுது சாய்ந்தால் நம் சுவர் ஓரமாகவே நின்று போனை நோண்டுகிறான், அவன் வீட்டில் நிற்க இடமா இல்லை? நம் பாஸ்வேர்டும் உன் பேர்தான், தெருவுக்கே தெரிந்த பேர். அதை மாற்றினேன், மாற்றியதை உன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை, சொன்னால் தனபால் சம்சாரத்துக்குப் போய்விடும். அப்புறமும் பாட்டு விக்கிக்கொண்டுதான் இருந்தது. பொறுக்காமல் நேரிலேயே கேட்டுவிட்டேன். ஏனுங்ணா, எங்க ஊட்லயே தனியா இருக்குதுங், உங்குளுது எனக்கு எதுக்குங் என்றான், முகம் சுண்டிப் போய்விட்டது. சுவர் ஓரம் காற்று வருகிறதாம், அதற்காக நிற்கிறானாம். அடுத்து கேபிள் ஆபீசில் போய்ச் சத்தம் போட்டேன், வேகத்தைக் குறைத்து ஏமாற்றுகிறார்கள் என்று. வைஃபை பெட்டிவரைக்கும் லைன் சரியாக வருகிறது, அதற்குமேல் உங்கள் வீட்டைப் பாருங்கள் என்றார்கள். இப்படித்தானே எல்லாரும் சொல்வார்கள் என்று திரும்பி வந்தேன்.

அந்தப் பெட்டி எங்கே இருந்தது என்று நீ கேட்கவே இல்லையே. உன் அம்மாவின் சீர் பீரோவுக்குள். சிரிக்காதே. தறிப் பட்டறையிலிருந்து வருகிற பஞ்சுத் தூசி எதில் போய் அடைகிறது என்றே தெரியாது, அது போக, ரிப்பேர் பார்க்கிறேன் என்று வந்து புதுப் பெட்டியை எடுத்துக்கொண்டு பழையதை மாட்டிவிட்டுப் போவார்கள் என்று வேறு கேள்விப்பட்டிருந்தேன். அதனால் பீரோவின் முதுகில் ஓட்டை போட்டு, ஒயரை உள்ளே விட்டு, நகை வைக்கிற தட்டுக்கு மேலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். ஓட்டை போட்டதற்கு உன் அம்மா ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கிளம்பச் சேலை எடுக்கப் பீரோவைத் திறந்தாள், சமையல்கட்டு ஸ்பீக்கரில் பாட்டு கணீரென்று வந்தது. சாத்தினாள், விக்கியது. இவள்தான் ஏதோ பொத்தானை அழுத்திவிட்டாள் என்று நான் ஓடினேன். ஏனுங்க, காமாலக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள், இரும்புக்குள்ள போட்டுப் பூட்டுனா அது எப்படீங்க ஊடு பூரா வரும் என்றாள். திறந்து மூடித் திறந்து பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி.

இப்போது பெட்டி கூடத்தில் வாசக்கால் உயரத்துக்கு ஒரு பலகை அடித்து அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது, வீட்டுக்கு நட்டநடு, பக்கத்தில் கண்ணாடி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை. உன் அம்மா அதற்குக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டாள். ஒரே பெட்டி போனில் இரண்டு பெயரில் தெரிந்தது, இரண்டாவது யாருடையது என்று அதன் மேலும் ஒரு கண் வைத்தேன். இரண்டும் நம்முடையதுதானாம், வேகமாக ஓடுவது சுவர் தாண்டினால் சோர்ந்துவிடும், மெதுவாக ஓடுவது தூரம் போகும். ஸ்பீக்கரை மெதுவானதில் சேர்த்தேன், பாட்டுக்கு அது தாராளம். அதற்கப்புறம் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரைக்கும் பாட்டு ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன் சாமி. இன்றைக்கு மத்தியானம் உன் அம்மா கொள்ளு ரசம் வைக்கிற பக்குவத்தை உனக்கு எவ்வளவு நேரம் சொன்னாள், ஒரு சொல் உதிரவில்லை. போனை நான் வாங்கி, மாப்பிள்ளையிடம் கொடு, பேசி நாளாச்சு என்றேன். கேக்கலீங்ப்பா, லைன் கட்டாவுது என்றாய். அந்த வார்த்தையும் ஒரு எழுத்து வெட்டாமல் வந்தது. அதற்குப் பின்னால் உன் ஜன்னலில் மழை அடிக்கிற சத்தமும் வந்தது. இங்கே சமையல்கட்டில் பாட்டு ஓடிக்கொண்டேதான் இருந்தது. போன ஞாயிறும் மாப்பிள்ளை பேச்சை எடுத்ததும்தான் கட்டானது. அன்றைக்குக் கட்டானதற்குப் பீரோ மேல் பழி போட்டேன், இன்றைக்குக் கட்டானதற்கு யார் மேல் போடட்டும்? எனக்குப் பயமாக இருக்கிறது அம்மிணி. அதனால்தான் எழுதுகிறேன், கடிதம் பாதியில் கட்டாகாது.

இதுவரை நான் சந்தேகப்பட்டது எதுவும் மெய்யானதில்லை. இதுவும் பொய்யாகட்டும் என்று கூடுதுறைக் கோயிலில் போய்க் கும்பிட்டு வந்தேன். பொய்யாகாவிட்டாலும் நீ ஒளிக்க வேண்டியதில்லை, உன்னை ஒரு கேள்வி கேட்க மாட்டேன், ஊர் என்ன சொல்லும் என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். உன் அம்மாவிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை. தனியாகப் பேச வேண்டுமென்றால் நான் பட்டறையில் இருக்கிற நேரம் கூப்பிடு, தறியை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, வேளைக்குச் சாப்பிடு. சங்கமேஸ்வரர் துணையில் நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
மருதாசலம்

பி.கு: பாஸ்வேர்டை மறுபடியும் உன் பேருக்கே மாற்றிவிட்டேன். தனபால் பிடித்தால் பிடித்துக்கொண்டு போகட்டும். நீ வந்து இறங்கினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது.