கோடாங்கி வந்த மத்தியானம்

மதினி,

அடுத்த வளவு வீட்டில் இன்று சாம்பிராணி போடுகிறார்கள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பின்னாலேயே உடுக்குச் சத்தமும் வந்துவிடுமோ என்று காது அங்கேயே நிற்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஓர் ஆடித்தபசுத் திருவிழாவும் கழிந்துவிட்டது. இந்தப் பயம் மட்டும் போகவில்லை.

உலகச் சண்டை முடிந்தும் அரிசிக்கு வரிசையில் நின்ற காலம் அது. உங்கள் கடைசி மகளைச் சிவகிரியில் கட்டிக்கொடுத்து அனுப்பிய கையோடு உங்களுக்கு மாதாமாதம் வரும் தூரம் நின்றது. அதன்பின் தூக்கம் போயிற்று. பருப்பு கடைந்துகொண்டிருக்கும்போதே கண்ணீர் வடியும். ஏன் என்று கேட்டால் தெரியவில்லை என்பீர்கள். கழுத்திலிருந்து அனல் ஏறி, ரவிக்கை நனைந்துவிடும். கிணற்றடிக்கு மட்டும் தனியாகப் போகமாட்டீர்கள். நான் கூட வரவேண்டும்.

ஒரு நாள் துணி துவைக்கும்போது காரணத்தைச் சொன்னீர்கள். ராயகிரியில் உங்கள் அம்மாவுக்கும் இதே வயதில்தான் இப்படித் தொடங்கியதாம். கிறுக்கு என்று சொல்லி மாட்டுத் தொழுவத்தில் கட்டிப்போட்டார்களாம். கட்டை அவிழ்த்துவிட்ட அன்று அம்மா நேராகப் போய்க் கிணற்றில் விழுந்துவிட்டார்களாம்.

"என்னையும் கெட்டிப் போட்டிருவாவளாட்டி?" என்று கேட்டீர்கள்.

அன்று முதல், உங்கள் வீட்டுக்காரரான என் அண்ணன் மாட்டுக்கயிற்றைக் கையில் எடுத்தாலே நான் உங்களைத் தேடி ஓடிவருவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, கோமதியம்மன் சன்னதியில் கூட்டத்துக்குள் நிற்கும்போது அந்த அனல் வந்தது. மூச்சுமுட்டி, முந்தானையை உதறிவிட்டு, ஆட்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடினீர்கள். பார்த்தவர்கள் பேய் என்றார்கள். பேயோட்டும் கோடாங்கியைக் குருவிகுளம் பக்கத்திலிருந்து கூட்டிவர எங்கள் பெரியம்மா ஏற்பாடு செய்தாள். அண்ணன் மறுத்துப் பேசவில்லை.

கோடாங்கி வந்தது நல்ல வெயில் நேரம். உடுக்கை அடித்தபடி வந்து, வேப்பங்குழையையும் பிரம்பையும் தரையில் வைத்தார். சாம்பிராணி புகைந்தது. இரண்டு பெண்கள் உங்கள் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்கள். எனக்கோ பிரம்பை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

நீங்கள் திமிறவில்லை. அண்ணனை நேராகப் பார்த்தீர்கள்.

"எனக்குப் பேயுமில்ல, கிறுக்குமில்ல. தூரம் நின்னுபோச்சு. உடம்பு கொதிக்கு. எங்கம்மை மாதிரி ஆயிருவேனோன்னு பயமா இருக்கு. அடிச்சா இன்னும் பயந்துதான் போவேன்."

ஆண்கள் முன்னால் நம் வீட்டில் எந்தப் பெண்ணும் அதுவரை சொல்லாத பேச்சு. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணன் உங்கள் தோளைப் பிடித்திருந்த பெண்களை விலகச் சொன்னார். பிறகு, கோடாங்கியைச் சாப்பிட்டுவிட்டுப் புறப்படச் சொன்னார். உங்கள் அம்மாவின் கதை அன்று நீங்கள் சொன்ன பிறகுதான் அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் என் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தீர்கள். "எங்கம்மைக்கும் இதானோ என்னமோ. ஒருத்தராவது கேட்டிருக்கலாம்லா" என்றீர்கள்.

பயம் உங்களை உடனே விட்டுவிடவில்லை. நான் இல்லாத நாட்களில் அண்ணனே கிணற்றடிக்குக் கூட வந்தார். ஊர் சிரித்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கம் வந்தது. கடைசியில் உங்களைக் கொண்டுபோனது வெறும் காய்ச்சல். அப்போதும் புத்தி தெளிவாகவே இருந்தது.

இப்போது எனக்கும் தொடங்கியிருக்கிறது, மதினி. அனல் ஏறும்போதெல்லாம் நான் பார்த்தேயிராத அந்தத் தொழுவம் கண்முன் வருகிறது. நேற்று என் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோகவில்லை, கடைசிவரை கேட்டாள்.