மண் இளகும் வரை

ஜனவரி, வெள்ளிக்கிழமை இரவு

பனி ஊரிலிருந்து இன்று சாயங்காலம் மயிலாப்பூர் வந்து சேர்ந்தேன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் வீட்டுக்காரி நூர்ஜஹான் கேட்டாள்: "புள்ளைக்கு மூணு கைப்பிடி மண்ணு போட்டீங்களா?"

எங்கள் ஒரே மகன் ரபீக், வடதுருவத்துக்குப் பக்கத்தில், பனிச்சறுக்கு விளையாட ஜனங்கள் வரும் அந்தச் சின்ன ஊரில் ஓட்டல் சமையல்காரன். மாரடைப்பில் போய்விட்டான். மருமகளும் பேத்தியும் அங்கேதான், அதனால் அடக்கமும் அங்கேயே.

"இல்ல நூரு. அங்க மண்ணு கல்லாட்டம் உறைஞ்சு கீது. பனி உருகுனப்புறம்தான் தோண்டுவாங்களாம்."

முறைத்தாள். "இதுலயுமா வெளாட்டு?"

போன ரம்ஜானில் பிறை தெரிந்துவிட்டதென்று புளுகி, ஒரு நாள் முன்னாடியே அவளைச் சேமியா கிண்ட வைத்தவன் நான். எப்படி நம்புவாள்?

"அல்லா மேல சத்தியமா" என்றேன். அப்போதுதான் நம்பினாள்.

ரொம்ப நேரம் அழுதாள். பிறகு, "அதுவரைக்கும் எங்கங்க வெச்சிருப்பாங்க?"

"அடக்கம் பண்ற மையவாடியாண்ட ஒரு ரூம்ல."

"போர்வை கீர்வை போத்தியிருக்காங்களா? அவனுக்குக் குளுரு தாங்காதுங்க."

அந்த ரூம் கதவுக்கு வெளியிலேயே என்னை நிறுத்திவிட்டார்கள்.

"ரெண்டு கம்பளி நானே போத்திட்டுதான் வந்தேன்" என்றேன்.

இதை மட்டும் உடனே நம்பிவிட்டாள்.