சிணுங்கியின் காலும் என் முகமும்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது.

நானும் அப்பாவும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே எனக்குக் கோபம் வந்து வைத்துவிடுவேன், நீயும் சிரிப்பாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். எங்கள் பந்தயக் குதிரை லாயத்தின் மேற்பார்வைக்காரர் இந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டுப் போகிறார். அந்த இடம் எனக்குத்தான் என்று டிரெயினர் வாய்விட்டே சொல்லிவிட்டார், ஆனால் சான்றிதழ் இல்லாதவர்களை இனி அந்த வேலையில் வைக்கக் கூடாதாம். முன்பெல்லாம் அதற்கு வெளியூர்ப் பயிற்சிப் பள்ளியில் போய்த் தங்கிப் படிக்க வேண்டும், உன்னையும் குதிரைகளையும் விட்டுவிட்டு நான் எங்கே போவது. போனிலேயே படிக்கலாம் என்று வந்ததும் லாயத்தில் முதல் ஆளாகப் பேர் கொடுத்தவள் நான். அதனால் படிப்பின்மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதே.

வசதியான நேரத்தில், வசதியான இடத்தில் படிக்கலாம் என்று முதல் பாடத்திலேயே ஒரு பெண் சிரித்துக்கொண்டு சொல்கிறாள். அப்படி ஒரு நேரம் எனக்கு இருந்தால் நான் முதலில் தூங்குவேன். விடியுமுன் குதிரைகளை ஓட்டத்துக்குத் தயார் செய்ய வேண்டும், திரும்பி வந்ததும் குளிப்பாட்டித் துடைக்க வேண்டும். மத்தியானம் கொஞ்சம் கை ஓயும், ஆனால் அது அவை படுக்கிற நேரம், லாயத்தில் ஒரு வாளிகூட உருளக் கூடாது. சத்தத்தை அணைத்துவிட்டு வாயசைப்பைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண்தான் வலித்தது. டிரெயினரிடம் கொஞ்சம் நேரம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டால், 'எப்ப வேணும்னாலும் படிக்கலாம்னுதானே சொல்லியிருக்காங்க, அப்ப வேலை முடிஞ்சு படிங்க' என்கிறார். எப்போது வேண்டுமானாலும் என்றால் எப்போதும் கிடையாது என்று அர்த்தம், புரிந்துகொண்டேன். குதிரைப் போர்வைகள் சுற்றுகிற வாஷிங் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து மல்லுக்கட்டிப் படித்து, கேள்வி பதில் எல்லாவற்றிலும் தேறிவிட்டேன்.

கடைசியாக ஒன்றே ஒன்று பாக்கி. குதிரையின் முன்னங்காலுக்குக் கட்டுப் போடுவதை, என் முகமும் கையும் அதன் காலும் சேர்ந்து தெரிகிற மாதிரி, நடுவில் வெட்டாமல் வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். கட்டுவது எனக்கு ஒரு பெரிய விஷயமா. போனைப் பிடிப்பதில்தான் வந்தது வினை. சிணுங்கியை நினைவிருக்கிறதா, தீவனம் தாமதமானால் முனகிக்கொண்டே இருப்பாளே, அவளை நிறுத்தி உன் அப்பாவைப் பிடிக்கச் சொன்னேன். அவள் கால் முட்டியிலிருந்து குளம்புவரை அத்தனை தெளிவு, கட்டுகிற இரண்டு கை மட்டும் யாருடையதோ. மாணவரின் முகம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி எடுத்தார், அவள் காதை நிமிர்த்தியதும் போனும் காதோடு மேலே போய்விட்டது. கேட்டால், 'எவ்ளோ அழகா நிக்கிறா, அதை எப்படி விடறது' என்கிறார். அதுவும் திரும்பி வந்தது. சரியென்று குதிரை டாக்டரிடம் கொடுத்தேன். சிணுங்கி பின்னங்காலை மாற்றி வைத்ததும் அவர் போனை அங்கே திருப்பிவிட்டு, 'நேத்து இப்படி நிக்கலையேம்மா' என்று என்னையே விசாரிக்கிறார். சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தேன், அவள் மூக்கை நீட்டி நக்கித் தள்ளிவிட்டாள். இங்கே யார் கையில் கொடுத்தாலும் கண் குதிரைமேல்தான் போகிறது. குறை சொல்லவும் முடியவில்லை, நானே பிடித்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். இனி ஒரு தடவைதான் அனுப்ப விடுவார்களாம். தவறினால் மறுபடி முதலிலிருந்து, அதற்குள் அந்த இடத்துக்கு ஒரு வெளியாள் வந்து உட்கார்ந்துவிடுவார், ஒவ்வொரு குதிரையின் குணத்தையும் நான்தான் அவருக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன், பாவம், அவரும் தன் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறார்.

நேற்று ஆத்திரத்தில் போனில் இருக்கிற படங்களை எல்லாம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அத்தனையும் குதிரை. நான் இருக்கிற படங்களில் ஒன்றில் தோள், ஒன்றில் முழங்கை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒரு படத்தில்தான் என் முகம் முழுதாக இருக்கிறது, நீ கிளம்பிய அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எடுத்தாயே, அது. குதிரை தும்மினாலே பத்தடி ஓடுகிறவன் நீ. அந்தப் படத்தில் சிணுங்கிக்குத் தலையே இல்லை, 'குதிரையை வெட்டிட்டானே' என்று அப்பா அன்றைக்கு உன்மேல் வருத்தப்பட்டார். அதனால் ராஜா, எப்படியாவது லீவு கேட்டு, மாதக் கடைசிக்கு முன்னால் ஒரு நாளாவது வந்துவிட்டுப் போ. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுகொள், யாரும் உன்னைக் கிட்டே இழுக்க மாட்டோம். குதிரையைப் பார்க்காமல் என்னைப் பார்க்கிறவன் நீ ஒருவன்தான்.

நல்ல உடம்போடும் நல்ல பேரோடும் இரு, எங்கள் ஆசி உன்னோடுதான் இருக்கிறது. பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வா, புதிதை இந்தச் சேற்றில் நாசமாக்காதே.

இப்படிக்கு,
இன்னும் முகம் பதிவாகாத
உன் அம்மா